டேப் அண்ணன் வாங்கிய வாடகை வீடு

மதுரையைச் சுற்றி டேப் அண்ணன் அளந்து பார்க்காத வீடு ஒன்று உண்டென்றால், அது அவர் பிறப்பதற்கு முன்பே இடிந்துபோன வீடாகத்தான் இருக்க வேண்டும். கப்பலூரில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த கம்பெனியில் அவர் ஸ்டோர்ஸ் பார்த்தார். பேண்ட் பையில் எப்போதும் ஒரு டேப். கல்யாணத்துக்குப் போனால் மணமேடையை அளந்துவிட்டுத்தான் மொய் எழுதுவார்.

ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும்போது அவரை ஒரு யோசனை பிடித்துக்கொண்டது. திருப்பரங்குன்றத்தில் அவருக்கு வில்லங்கமில்லாத சொந்த வீடு இருந்தது.

"மாப்ள, வீடு சும்மாதானே நிக்கிது. அதை பேங்க்ல அடமானம் வச்சு இன்னொரு வீடு வாங்கிப் போட்டம்னா, வர்ற வாடகையே கடனைக் கட்டிரும்" என்றார்.

"சும்மா நிக்கலண்ணே. உள்ள நீங்க இருக்கீங்க" என்றேன். அது அவர் காதில் ஏறவில்லை.

ஞாயிறுதோறும் என் பைக்கின் பின்னால் ஏறி வீடு பார்க்கக் கிளம்பினார். ஒரு வீட்டில் அடுப்படி ஒரு சாண் குறைந்தது. இன்னொன்றில் பாத்ரூம் கதவு உள்பக்கம் திறந்தது. "குளிக்கிற ஆளு எங்கிட்டு ஒதுங்குவான்?" என்று புரோக்கரைக் கேட்டார். அந்தப் புரோக்கர் மறுநாளே போன் நம்பரை மாற்றிவிட்டார்.

"இருக்கிற வீட்டுல ஒழுகுற இடத்த அளங்க" என்பார் அவர் மனைவி, என் மதினி.

கடைசியில் கப்பலூரைத் தாண்டி ஒரு புது வீடு அமைந்தது. எல்லா அளவும் சரி. பக்கத்தில் ஒரு பெரிய கம்பெனி வரப்போகிறது என்றார்கள். வீட்டை வாங்கினார். கம்பெனி வரவில்லை. எட்டு மாதம் 'வாடகைக்கு' போர்டு வெயிலில் வெளுத்தது. ஒரே ஒரு ஜோடி சம்மதித்தது. சுவரில் ஆணி அடிக்காமல் காலண்டர் மாட்டுவது எப்படி என்று அவர்களுக்கு ஒரு மணி நேரம் விளக்கினார். "வாரோம்ணே" என்று போனவர்கள்தான்.

தவணை அவர் சம்பளத்தைத் தின்றது. அண்ணன் இளைத்துப்போனார்.

"குன்றத்து வீட்டை வாடகைக்குக் குடுங்க, நாளைக்கே ஆள் வரும்" என்றார் வேறொரு புரோக்கர். இரண்டே நாளில் ஆள் வந்தது. வாடகைக்கு விட வாங்கிய வீட்டில் அண்ணனும் மதினியும் குடியேறினார்கள்.

மதினி அழவில்லை. "சுவிட்சுன்னு கை வைக்கிறேன், சுவருதான் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஒருநாள் பழைய வீட்டில் குழாய் கெட்டுப்போனது. அண்ணனோடு நானும் போனேன். கம்பிக் கதவுக்குப் பின்னாலிருந்து, "யாரு வேணும்?" என்றார் குடியிருந்த அம்மா. நான் அவரைக் காட்டி, "ஹவுஸ் ஓனர்" என்றேன். அண்ணன் கூடத்து நாற்காலியில் விருந்தாளிபோல நுனியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்தார்.

திரும்பிவந்து புது வீட்டுக் கூடத்தில் டேப்பை இழுப்பதும் விடுவதுமாக உட்கார்ந்திருந்தார். பிறகு, "தப்பு பண்ணிட்டேனா மாப்ள?" என்றார்.

முப்பது வருடமாக அவரிடம் எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் பேசியவன் நான். என் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. "வீடு நல்ல காத்தோட்டமா இருக்குண்ணே" என்றேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு எனக்கு அங்கேதான்.