உருளைக்கிழங்குக்கு யார் மேல் பொறாமை?

டயர் கடைக்கு மேலே இருக்கும் கூடத்தில் எள் விழ இடமில்லை. படிக்கட்டு முழுக்கச் செருப்பு. கீழே டயர் மாற்ற வந்த லாரிக்காரர்கூட லாரியை அப்படியே போட்டுவிட்டு மேலே ஏறி வரிசையில் நின்றுவிட்டார். இருக்காதா பின்னே? நுரையார் அல்லவா வந்திருக்கிறார்!

நுரையார் யார் என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் உங்கள் இரத்தத்தில்தான் கோளாறு என்பார்கள். அவர் உங்கள் விரல் நுனியில் ஊசியால் ஒரு குத்து குத்துவார். எட்டிப் பார்க்கும் இரத்தத்தின்மேல் 'உண்மை நீர்' ஒரு சொட்டு விடுவார். உடனே பொசுபொசுவென்று வெள்ளையாக நுரைக்கும். "பார்த்தாயா! உன்மேல் யாருக்கோ பொறாமை. அது விஷமாகி உன் இரத்தத்தில் இறங்கியிருக்கிறது!" என்பார். அப்புறம் அவருடைய சுத்திப் பொடியை வாங்கிக் குடிக்க வேண்டும். அதன் விலையைக் கேட்டால் ஊசியே இல்லாமல் இரத்தம் வரும். பொடியைக் குடித்து முடித்துவிட்டு வந்தால் மறுபடி ஒரு குத்து, மறுபடி ஒரு சொட்டு. இந்த முறை நுரையே வராது. சுத்தமாம்!

வந்தவர்களில் நுரைக்காதவர் ஒருவரும் இல்லை. அதில் பலருக்கு உள்ளூரச் சந்தோஷம் வேறு. கிழிந்த பனியனோடு வந்த ஒருவர், "நம்ம மேலயும் பொறாமைப்பட ஆளு இருக்குய்யா!" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படியிறங்கினார். வாழ்நாளில் அவரை யாரும் அவ்வளவு பெரிய மனிதராக்கியதில்லை, பாவம்.

இந்தக் கூட்டத்தில் முதல் வரிசைக்காரர் நம் பூட்டுக்காரர். கடைத்தெரு முனையில் பூட்டுச் சாவிக் கடை வைத்திருப்பவர். உலகத்தில் எந்தப் பூட்டையும் நம்ப மாட்டார். பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார், நாலடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பார். மனிதர்களை மட்டும் இழுத்துப் பார்க்க மாட்டார். யார் எதைச் சொன்னாலும் அப்படியே விழுங்கிவிடுவார்.

நுரையாரின் மரப்பெட்டிக்குப் பூட்டுப் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். பெட்டிக்குள் இரண்டு அறைகள், ஒரே மாதிரி இரண்டு பாட்டில்கள். "இடது பக்கம் புதுசா வர்றவங்களுக்கு. வலது பக்கம் பொடி குடிச்சு முடிச்சவங்களுக்கும் ஐயாவோட சொந்த விரலுக்கும். மாத்தி கீத்தி வச்சிடாதீங்க" என்று நுரையாரின் கையாள் சொன்னான். பூட்டுக்காரர் மாற்றி வைக்கவில்லை. வீட்டுக்குப் போய், "என்ன ஒரு ஒழுங்கு தெரியுமா அந்த மனுஷங்கிட்ட!" என்று மனைவியிடம் வியந்தார். அடப்பாவி மனுஷா, உன் கையிலேயே குட்டு இருந்ததே!

அந்த ஒழுங்கில் மயங்கித்தான் மனைவியையும் அழைத்துப் போனார். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை நோய். தினமும் மாத்திரை. வரிசையில் நின்ற நேரத்தில் நுரையாரின் கையாள் அன்பாகப் பேச்சுக் கொடுக்க, அந்த அம்மா வீட்டுக் கதை முழுவதையும் ஒப்பித்துவிட்டார். உள்ளே போனதும் நுரையார் விரலில் குத்தினார், சொட்டு விட்டார், கண்ணை மூடினார்.

"புருஷன் வழியில் ஒரு பெண். படித்தவள். அடிக்கடி உன் வீட்டுக்கு வருகிறாள். அவளுடைய பொறாமைதான் இது."

"ஐயோ, என் நாத்தனார்!" என்று அலறினார் அம்மா. "எப்படிங்க ஐயா அவ்வளவு துல்லியமா சொல்றீங்க?"

"உண்மை நீர் சொல்கிறது, அம்மா. நீ தின்கிற மாத்திரைகள்தான் விஷத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கின்றன. இன்றோடு நிறுத்திவிடு."

அன்றோடு நிறுத்தினார். அன்றோடு நாத்தனாருடன் பேச்சையும் நிறுத்தினார்.

அந்த நாத்தனார், அதாவது பூட்டுக்காரரின் தங்கை, பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். அண்ணி போனை எடுக்காததால் நேரிலேயே வந்துவிட்டாள். வந்தவள் கண்ணில் முதலில் பட்டது தண்ணீர்க் குடம். அண்ணி குடிக்கிறார், குடிக்கிறார், குடித்துக்கொண்டே இருக்கிறார். கண் குழிந்து, உடம்பு பாதியாகியிருந்தது. கால் பெருவிரலில் ஒரு புண். அதன் ஓரம் கருத்திருந்தது.

"அண்ணி, மாத்திரை எங்க?"

"நிறுத்தியாச்சு."

"சர்க்கரை பார்த்தீங்களா?"

"ஐயா பார்த்துட்டாரு. போன தடவையைவிட நுரை கொஞ்சம் கம்மி" என்றார் அண்ணி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

டீச்சர் அண்ணனை அடுப்படிப் பக்கம் இழுத்துப் போனாள். "அண்ணே, அந்த விரலைப் பார்த்தியா இல்லையா? இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டா காலையே எடுக்க வேண்டி வரும். உயிருக்கே ஆபத்து. விளையாடுறியா?"

பூட்டுக்காரர் அடுப்படியிலிருந்தே மனைவியின் காலை எட்டிப் பார்த்தார். மனைவிமேல் உயிரையே வைத்திருக்கும் மனிதர். ஆனால் வாயைத் திறக்கத்தான் தைரியமில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி!

நுரை என்று கேட்டதுமே அது என்ன நீர் என்று டீச்சருக்குப் பிடிபட்டுவிட்டது. மருந்துக் கடைக்கு ஓடிப் போய் ஒரு சின்ன பாட்டில் வாங்கி வந்தாள். புண் கழுவும் ஹைட்ரஜன் பெராக்சைடு. ஒரு உருளைக்கிழங்கை வெட்டி அதன்மேல் ஒரு சொட்டு விட்டாள். பொசுபொசுவென்று நுரைத்தது. வேக வைத்து ஆறிக்கிடந்த இன்னொரு கிழங்கின்மேல் விட்டாள். அது கல்லுப் பிள்ளையார் போல் சும்மா இருந்தது.

"அண்ணி, கேளுங்க. நம்ம உடம்பு வேலை செய்யும்போது உள்ளுக்குள்ளயே இந்தத் திரவம் கொஞ்சம் கொஞ்சமா உண்டாகும். அப்படியே விட்டா செல்லுக்குக் கெடுதல். அதனால அதை உடைக்கிறதுக்குன்னே செல்லுக்குள்ள ஒரு நொதி இருக்கு. கேட்டலேஸ்னு பேரு. அது பட்டதும் இது தண்ணியாவும் ஆக்சிஜனாவும் பிரிஞ்சிடும். அந்த ஆக்சிஜன்தான் பொங்கி வர்ற நுரை. எனக்கும் வரும், ஆட்டுக்கும் வரும், கிழங்குக்கும் வரும். வேக வச்சா சூட்டுல அந்த நொதி கெட்டுப் போயிடும், அதான் இதுல வரல. நுரை விஷம் இல்ல அண்ணி, விஷத்தை முறிக்கிற வேலை அது!"

அண்ணி பச்சைக் கிழங்கைப் பார்த்தார். வெந்த கிழங்கைப் பார்த்தார். நாத்தனாரைப் பார்த்தார்.

"நீ தொட்ட கிழங்கு நுரைக்காம வேற என்ன செய்யும்? வெந்து போனதுமேல யாரு பொறாமைப்படுவா?"

இதற்கு மேல் எந்தப் பாடப்புத்தகத்திலும் பதில் இல்லை. டீச்சர் பாட்டிலை மூடி ஓரமாக வைத்தாள்.

"சரி, என் கையே வேணாம். அவரோட பாட்டில், அவரோட விரல். அதுல நுரைச்சா?"

"நுரைக்காது. தினமும் சபையில முதல்ல தன் விரலைத்தான் குத்திக் காட்டுறாரு. என் கண்ணால பார்த்திருக்கேன்."

"உங்களுக்குச் சொட்டு விடுற அதே பாட்டில்ல இருந்து விட்டு, நுரைச்சிட்டா? அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வருவீங்களா?"

"வரேன். நுரைக்கலேன்னா நீ இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் டீச்சர். 'அதே பாட்டில்' என்ற வார்த்தை பூட்டுக்காரருக்குள் எங்கேயோ போய் இடித்தது.

மறுநாள் காலை கூடத்தில் வழக்கமான திருவிழாக் கூட்டம். முதலில் சொன்ன லாரிக்காரர் ஏறி வந்து நின்றதும் அன்றுதான். நுரையார் தன் விரலைக் குத்தி, சொட்டு விட்டு, நுரையில்லாத விரலைத் தூக்கிக் காட்டினார். கைதட்டல் ஓய்வதற்குள் டீச்சர் எழுந்தாள்.

"ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். ஒரு உருளைக்கிழங்குக்கும் பொறாமை இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்களேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நுரையாரும் சிரித்தார். "கொண்டு வந்தவளின் பொறாமை கிழங்கிலும் இறங்கும், பெண்ணே!"

"அப்படின்னா நான் கொண்டு வர வேண்டாம். இதோ இந்த லாரிக்காரர் வாங்கிட்டு வரட்டும்."

லாரிக்காரர் தடதடவென்று இறங்கி எதிர்க் கடையிலிருந்து கிழங்கோடு ஏறி வந்தார். "எனக்கு யார் மேலயும் பொறாமை இல்லீங்க. டயர் மட்டும் மாத்தினா போதும்" என்று கிழங்கை வெட்டி நீட்டினார்.

இப்போது நுரையார் சிரிக்கவில்லை. பெட்டியை டக்கென்று மூடிப் பூட்டினார். "உண்மை நீர் கிழங்குக்கு அல்ல! இன்றைய சபை முடிந்தது!" என்று சாவியை மடிக்குள் செருகிக்கொண்டார்.

கூட்டம் கலையத் தொடங்கியது. அண்ணியும் எழுந்தார். எழுந்தவர் தள்ளாடி, சுவரைப் பிடித்து, அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். "தண்ணி..." என்றார். நாக்கு ஒட்டிக்கொண்டது.

பூட்டுக்காரருக்கு அத்தனை நாளும் வராத கோபம் அந்த ஒரு நொடியில் வந்தது. விறுவிறுவென்று மேடை ஏறினார்.

"ஐயா, எல்லார் மனசையும் படிக்கிற உங்களுக்கு எதுக்கு ஐயா பூட்டு?"

"தொடாதே! கை அழுகிவிடும்!"

"அழுகட்டும். இது நான் போட்ட பூட்டு" என்றவர், பாக்கெட்டிலிருந்து ஒரு வளைந்த கம்பியை எடுத்தார். நுழைத்தார், திருப்பினார். க்ளிக். நல்ல பூட்டாகத்தான் போட்டிருந்தார், ஆனாலும் அவர் போட்டதாயிற்றே.

வலது பாட்டிலை எடுத்துக் கிழங்கின்மேல் விட்டார். ஒன்றும் இல்லை. வெறும் தண்ணீர். "பாருங்க, பொடி குடிக்காமலே கிழங்கு சுத்தமாயிடுச்சு!" என்றாள் டீச்சர். இடது பாட்டிலிலிருந்து விட்டார். பொங்கிக்கொண்டு வந்தது நுரை.

நுரையார் படிக்கட்டுப் பக்கம் பாய்ந்தார். அங்கே லாரிக்காரர் சுவர் மாதிரி நின்றிருந்தார். பூட்டுக்காரர் நுரையாரின் கையைப் பிடித்தார். இரும்பை ராவி ராவிக் காய்த்துப்போன கை பிடித்தால் யாரால் உதற முடியும்? சற்று முன் குத்திய இடத்தில் இரத்தம் இன்னும் ஈரமாக இருந்தது. இடது பாட்டிலிலிருந்து ஒரே ஒரு சொட்டு.

நுரையார் நுரைத்தார். ஊரிலேயே அமோகமான நுரை!

தரையில் உட்கார்ந்திருந்த அண்ணியின் குரல் மட்டும் மெலிதாகக் கேட்டது.

"ஏங்க ஐயா, உங்களுக்கும் ஒரு நாத்தனார் இருக்காங்களா?"

அவ்வளவுதான், கூட்டம் நுரையாரைவிட அதிகமாகப் பொங்கிவிட்டது. போலீஸ் வந்துதான் அவரை முழுசாக இறக்கிக்கொண்டு போனது. அண்ணியை லாரிக்காரர் தன் லாரியிலேயே, பழைய டயரோடு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தார். வழி முழுக்க அண்ணி நாத்தனாரின் கையை விடவில்லை. "வாசப்படியை மிதிக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல, அதை மறந்துடு" என்றார் ஒரு முறை. அப்புறம் அழுதுவிட்டார்.

பிழைத்துக்கொண்டார். விரலும் தப்பியது. தாமதித்திருந்தால் கால் போயிருக்கும் என்று டாக்டர் வைத வசவில் பூட்டுக்காரர் குறுகிப்போனார். இப்போது கடைக்கு வந்து யார் எந்த அற்புதத்தைச் சொன்னாலும், "கொஞ்சம் இருங்க, இழுத்துப் பார்த்துக்கறேன்" என்கிறார்.

எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று நினைத்தீர்களா? போன வாரம் அந்தக் கிழிந்த பனியன்காரர் டீச்சரைத் தெருவில் மறித்தார்.

"டீச்சர், இந்த ஆளு போலி, சரி. உண்மையான நுரையார் எந்த ஊர்ல இருக்காருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

டீச்சர் வாயடைத்துப் போனாள். நான் அடைப்பதாக இல்லை. ஐயா, அம்மா, உங்கள் இரத்தம் நுரைத்தால் பயப்படாதீர்கள், உயிரோடு இருக்கிறீர்கள். பச்சைக் கிழங்குகூடத் தன்மேல் விழுந்த சொட்டுக்குப் பதில் சொல்கிறது, வெந்த கிழங்குதான் எதை ஊற்றினாலும் சும்மா கிடக்கிறது. அடுப்பில் எதை வேண்டுமானாலும் வேக வையுங்கள். மூளையை மட்டும் பச்சையாகவே விட்டு வையுங்கள்.