ரெண்டு கதவுக் காரும் ஆடி மாதமும்

கிஷோர் மறுபடியும் சாவியைத் திருகினான். எஞ்சின் சுற்றியது, இருமியது, பிடிக்கவில்லை. வாசலில் நின்ற மாமியார் நாகம்மா வானத்தைப் பார்த்தாள். திருநின்றவூரில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"இன்னா மாப்ள, கிளம்பலயா?"

"கிளம்பத்தான் பார்க்கறேன், அத்தை."

நாகம்மாவின் அவசரத்துக்குக் காரணம் ஆடி மாதம். வைகாசியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. ஆடி பிறந்ததும் அம்பத்தூருக்குப் போய் மகள் தீபிகாவை அழைத்து வந்துவிட்டாள். இந்த ஒரு மாதம் புதுப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. ஆனாலும் அவள் கொஞ்சம் மனசாட்சி உள்ள மாமியார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் மாப்பிள்ளை வரலாம், காபி குடிக்கலாம், முறுக்கு கடிக்கலாம், எதிர் நாற்காலியிலிருந்து சொந்தப் பெண்டாட்டியைப் பார்க்கலாம். விளக்கு வைப்பதற்குள் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும்.

கார்தான் காலி செய்ய மாட்டேன் என்றது.

அது சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே கதவு. கல்யாணத்துக்கு முன்பு, புத்தி சொல்ல ஆளில்லாத காலத்தில், கிஷோர் நாலாவது கையாக வாங்கியது. பின் சீட்டில் உட்காருகிறவர் முழங்காலை முகவாய்க்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிவயிறு உரசும். டிரைவர் பக்கத்துக் கண்ணாடி ஒருநாள் இறங்கியது, அப்புறம் ஏறவே இல்லை. அதை மட்டும் கிஷோர் குறையாகவே நினைக்கவில்லை. காற்று நன்றாக வந்தது.

விளக்கு வைத்த பிறகு மாப்பிள்ளையைப் பட்டினியாக உட்காரவைக்க முடியுமா? நாகம்மா முணுமுணுத்துக்கொண்டே கோழி வாங்கி வந்து குழம்பு வைத்தாள். மாப்பிள்ளைக்குத் தனியாக இலை போடுவதும் அந்த வீட்டில் வழக்கமில்லை. அதனால் மாமனார் வேலுசாமி துணைக்கு உட்கார்ந்தார். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாயே திறக்காத மனிதர். அன்றைக்கும் பேசாமல் சாப்பிட்டார், பேசாமல் எழுந்து எலும்பைத் தெருநாய்க்குப் போட்டுவிட்டு வந்தார்.

கிஷோர் போய்ச் சாவியைத் திருகினான். ஒரே திருகு. கார் சிங்கம் மாதிரி உறுமியது.

"சாப்ட்டதும் கிளம்பிடுச்சே" என்றாள் நாகம்மா. அந்த வாரம் அதை ஆச்சரியமாகத்தான் சொன்னாள்.

மறுநாள் அம்பத்தூர் மெக்கானிக் தேவா, வெளியே நின்றபடியே திறந்த கண்ணாடி வழியாகக் கையை விட்டு, ஸ்டீரிங்குக்கு அடியிலிருந்த ஃபியூஸை எல்லாம் உருவிப் பார்த்துவிட்டு மறுபடி சொருகினான்.

"ஃபியூஸ்லாம் நல்லாத்தான் கீது, அண்ணாத்தே. பெட்ரோல் பம்ப்புதான் டவுட்டு. சூடானா மக்கர் பண்ணும், ஆறினா கிளம்பும். மாத்திடலாமா?"

"மாத்திடு. மாமியார் வீட்டு வாசல்ல மானம் போகுது."

புது பம்ப் வந்தது. அதைப் பொருத்துவதற்குள் பக்கத்திலிருந்த குழாய் விரிசல் விட்டது. குழாயை மாற்றினால் ரேடியேட்டர் ஒழுகியது. பதினெட்டு வயசுக் காரில் ஒன்றைத் தொட்டால் நாலு உறவினர் கோபித்துக்கொள்வார்கள்.

அடுத்த ஞாயிறு காபி ஆயிற்று, முறுக்கு ஆயிற்று. கார் கிளம்பவில்லை. இறால் தொக்கு ஆயிற்று. கார் கிளம்பியது.

"பம்ப்பு புச்சுன்னு சொன்னீங்க?" நாகம்மாவின் குரலில் இப்போது ஆச்சரியம் இல்லை.

கை கழுவும் இடத்தில் தீபிகா டவலை நீட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு. "சூப்பரா நடிக்கிறீங்க. எனக்காகத்தானே?"

"நடிக்கல, தீபி. சத்தியமா ரிப்பேர்."

"சரி சரி, ரிப்பேர்தான். அம்மா காதுல வுழப்போவுது."

கிஷோருக்கு அழுகை வந்தது. மாமியார் அவனைத் திருடன் என்று நினைக்கிறாள், பெண்டாட்டி அதே திருட்டுக்காக அவனைக் கொஞ்சுகிறாள். செய்யாத குற்றத்துக்குத் தண்டனையும் பரிசும் ஒரே வீட்டில் கிடைத்தன. ரயிலில் வந்துவிடலாம்தான். ஆனால் அப்படி வந்தால் இத்தனை நாள் நடித்தேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

தேவா இக்னிஷன் காயிலை மாற்றினான். வெளிநாட்டிலிருந்து ஒரு சென்சாரை வரவழைத்தான். அதன் விலைக்குத் திருநின்றவூரில் ஒரு மாதம் வீடு வாடகைக்குக் கிடைக்கும். நாகம்மாவும் சும்மா இருக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு தீபிகாவைக் காலையிலேயே வேலப்பன்சாவடியில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

கிஷோர் எதிர் நாற்காலியில் மாமனாரைப் பார்த்தபடி காபி குடித்தான். கொஞ்ச நேரத்தில் அவரும், "வண்டிகிட்ட நிக்கறேன், எவனாச்சும் கோடு போட்டுடுவான்" என்று வெளியே போய்விட்டார். தனியாக முறுக்கைக் கடித்து முடித்துவிட்டுப் போய்ச் சாவியைத் திருகினான்.

கிளம்பவில்லை.

"அவ வர்ற வரைக்கும் குந்திகினு இருக்கலாம்னு ஐடியாவா?" என்றாள் நாகம்மா. ஆனாலும் ஆட்டுக்கறி வாங்கி வந்தாள். மாப்பிள்ளை மாப்பிள்ளைதானே. கறி இறங்கியதும் கார் கிளம்பியது.

"மாப்ள, கடசியா சொல்றேன். அடுத்த வாரமும் வண்டி நின்னுச்சுன்னா, ஆவணி பொறக்கற வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க. நான் ஏமாந்தவ இல்ல."

கிஷோர் நேராகத் தேவாவிடம் போனான்.

"எல்லாத்தையும் மாத்தியாச்சு, அண்ணாத்தே. உன் வண்டில இப்ப பழசுன்னா அது நம்பர் பிளேட்டுதான்."

"இன்னும் என்ன பாக்கி இருக்கு?"

"ஏறாத கண்ணாடி ஒண்ணு கீது. கண்ணாடிக்கும் ஸ்டார்ட் ஆவறதுக்கும் இன்னா சம்மந்தம்?"

"அதையும் சரி பண்ணு. ஒண்ணு பாக்கி இருக்குன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது."

ஆடியின் கடைசி ஞாயிறு. கிஷோர் கண்ணாடியை முழுக்க ஏற்றி, கதவைப் பூட்டி, ஹேண்டிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். உள்ளே போனால் மசாலா வாசனை மூக்கைத் துளைத்தது. வண்டி எப்படியும் நிற்கத்தான் போகிறது என்று நாகம்மா காலையிலேயே விரால் மீன் வாங்கி மசாலா தடவி வைத்திருந்தாள். இந்தத் தடவை தீபிகாவும் இருந்தாள். எதிர் நாற்காலியிலிருந்து கண்ணடித்தாள். வழக்கம்போல வண்டியைப் பார்த்துக்கொள்ளப் போன வேலுசாமி, போன வேகத்தில் திரும்பி வந்து மூலையில் உட்கார்ந்துகொண்டார்.

விளக்கு வைக்க இன்னும் நேரம் இருந்தது. கிஷோர் எழுந்தான். நாகம்மா வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள். அவன் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு சாவியைத் திருகினான்.

கார் உறுமியது.

அணைத்துவிட்டு மறுபடி திருகினான். மறுபடியும் உறுமியது. கிஷோருக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே இறங்கி நின்றான்.

நாகம்மாவின் முகம் சுருங்கிப் போயிற்று. "தப்பா நெனச்சிட்டேன், மாப்ள. நெஜமாவே ரிப்பேர்தான் போலக்கீது. மனசுல வெச்சுக்காதீங்க. இருந்து ஒரு வாய் மீன் கொழம்பு சாப்ட்டுப் போங்க."

இந்த நிமிஷத்துக்காகத்தானே அவன் இத்தனை செலவு செய்தான். தோளை நிமிர்த்தினான்.

"வேணாம், அத்தை. வெளக்கு வைக்கறதுக்குள்ள கிளம்பணும்னு நீங்கதானே சொன்னீங்க? சொன்னா சொன்னதுதான்."

"அப்ப இத்தனை நாளும் நெஜமாவே ரிப்பேர்தானா?" என்றாள் தீபிகா. "நான்கூட என்னவோ நெனச்சேன்." விருட்டென்று உள்ளே போய்விட்டாள்.

"எம்மாம் நல்ல புள்ள" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே நாகம்மாவும் உள்ளே போனாள். "உங்களுக்கு உப்புமா கிண்டட்டா?" என்று புருஷனைப் பார்த்துக் குரல் மட்டும் வந்தது. "சர்க்கரை ஏறிக்கினு போவுது. மாப்ள பக்கத்துல இருந்தா ஒண்ணும் சொல்ல முடியலயேன்னு மூணு வாரமா வாய மூடிகினு இருந்தேன்."

கிஷோர் காரில் ஏறி உட்கார்ந்தான். மானம் திரும்பி வந்துவிட்டது. பெண்டாட்டியைச் சமாதானப்படுத்த ஆவணி முழுக்க இருக்கிறது.

டொக் டொக் என்று கண்ணாடியை யாரோ தட்டினார்கள். வேலுசாமி. கிஷோர் பெருமையாகப் பொத்தானை அழுத்தினான். கண்ணாடி வழுக்கிக்கொண்டு இறங்கியது. மாமனார் உள்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"விரால் மீன், மாப்ள. வழக்கம்போல ஃபியூஸை உருவலாம்னு வந்தா, இப்படிக் கண்ணாடிய ஏத்தி வெச்சிருக்கீங்களே?"