சத்துக்கட்டியும் பதினோராவது விரலும்

வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற மனிசனுக்கு ஊரில் கிடைக்கும் மரியாதை அவனுடைய பொட்டி திறந்து கிடக்கும் வரைதான். பொட்டி காலியானதும் அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளுவதா, அலுமாரிக்கு மேலே ஏற்றுவதா என்று வீட்டில் யோசனை நடக்கும். பொட்டிக்காவது ஓர் இடம் கிடைத்துவிடும். எண்பதுகளின் தொடக்கத்தில் சவூதியில் நாலு வருசம் கிடந்துவிட்டு முதல் தடவையாக லீவில் வந்த எனக்கு, ஐந்தாம் நாளிலிருந்து வீட்டில் எங்கே இருப்பதென்றே தெரியவில்லை.

வீடு என்று சொன்னது என் பெண்சாதி வீட்டை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண்வீட்டுக்குக் குடிபோகிறான். நான் கல்முனை பசாரில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகன். போய்ச் சேர்ந்தது சம்மாந்துறையில் ஒரு வேளாண்மைக் குடும்பத்துக்கு. நெல்லுக்கும் பயறுக்கும் நடுவில் வளர்ந்த பெண்ணுக்கு, சீத்தைத் துணியை முழம் போடத் தெரிந்த மாப்பிள்ளை. கலியாணம் முடிந்த எட்டாம் மாதம், சுபைதாவின் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது, நான் விமானம் ஏறினேன்.

பிள்ளை பிறந்ததைக் கடிதத்தில்தான் அறிந்தேன். பெயர் நஸ்லியா. அவளுக்கு வாப்பா என்றால் அலுமாரிக் கண்ணாடிக்குள் இருந்த படமும், நான் பேசிப் பதிந்து அனுப்பிய கேசட்டும்தான். தினமும் படுக்கப் போகும்போது அந்தப் படத்தைக் கொஞ்சுவாளாம். அதை நம்பி வந்தேன். நான் வந்து முன்விறாந்தைக் கதிரையில் இருக்கிறேன், பார்க்க வந்தவர்களின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய் அலுமாரியைக் காட்டி, "இதுதான் எங்கட வாப்பா" என்கிறாள். கதிரையில் இருந்த ஆளுக்கு அவள் வைத்த பெயர் பொட்டி மாமா.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னுடைய படத்தின் மீதே பொறாமைப்பட்ட ஒரே மனிசன் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். (அந்தப் படத்தில் எனக்குத் தலைமுடியும் அதிகம்.)

நாற்பத்தைந்து நாள் லீவு. அதற்குள் அவள் ஒரு தடவையாவது தானாக வந்து என் கையைப் பிடிக்க வேண்டும். வேறொன்றும் எனக்குத் தேவைப்படவில்லை. பொம்மை கொடுத்தேன், வாங்கவில்லை. நிலத்தில் வைத்துவிட்டு நான் தள்ளிப் போனால் வந்து எடுப்பாள், கோழி நெல் கொத்துவதைப் போல. டொபி வைத்தேன், அதையும் அப்படியே எடுத்துத் தின்றாள், ஒரு மாதமாகத் தின்றாள். சோறு இறங்கவில்லை, பல்லில் வலி வந்தது. குடும்ப நல மாது வந்து நிறுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளை நிறை குறைந்து போனாள், இனி கடை இனிப்பு வேண்டாம், வீட்டிலேயே சத்தாக ஏதாவது செய்து இடைக்கிடை கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

இங்கே என்னுடைய ஒரு பொய்யை ஒப்புக்கொண்டாக வேண்டும். நான் கம்பனி கேம்பில் சமையல்காரன் என்றுதான் நாலு வருசமும் கடிதம் எழுதினேன். கேசட்டிலும் அதையே பேசினேன். உண்மையில் நான் சட்டி கழுவினேன். அந்தக் குசினியில் வெள்ளைக்கார இஞ்சினியர்மாருக்கென்று ஒரு பண்டம் செய்வார்கள். ஓட்ஸ், பருப்பு வகை, பேரீச்சம்பழம், தேன் எல்லாம் சேர்த்துத் தட்டில் அமத்தி, காய்ந்ததும் நீளநீளமாக வெட்டிக் காகிதத்தில் சுற்றி வைப்பார்கள். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர்கள் பாலைவனத்துக்குப் போவார்கள். அந்தத் தட்டை நாலு வருசம் சுரண்டிக் கழுவியவன் நான். ஒரு பண்டத்தின் அடியை அவ்வளவு நன்றாகத் தெரிந்த எனக்கு அதைச் செய்யவா தெரியாது என்று நினைத்தேன். பெயரும் வைத்துவிட்டேன்: சத்துக்கட்டி.

லீவில் பதினொரு நாள் மிச்சமிருந்தது. சுபைதாவை என் உம்மாவுக்குச் சாமான் கொடுத்து வரச் சொல்லிக் கல்முனைக்கு அனுப்பினேன். அவள் இருந்தால் குசினிக்குள் விடமாட்டாள். மாமா, அதாவது சுபைதாவின் வாப்பா, வயல்வெட்டுக்குப் போயிருந்தார். வீட்டில் மிஞ்சியது நானும் பிள்ளையும் மாமியும்.

மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்களில் மாமிமார் மருமகனோடு நேருக்கு நேர் கதைக்க மாட்டார்கள். மரியாதை அப்படி. கலியாணம் முடித்து அதுவரைக்கும் மாமி என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. நான் ஒரு அறைக்குள் போனால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மற்ற வாசலால் வெளியே போய்விடுவா. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்லி அனுப்புவா. மகள் இல்லாவிட்டால் கதவிடம் சொல்லுவா, பூனையிடம் சொல்லுவா, அது என் காதில் விழ வேண்டும். "பூனை, சோறு ஆறுது, சாப்பிட வரச் சொல்லு" என்று கேட்டால் நான் எழும்பிப் போவேன். இந்த ஏற்பாடு ஒரு நாளும் பிசகியதில்லை.

அன்று காலையில் நான் குசினிக்குள் கால் வைத்ததும் மாமி பின்வாசலால் இறங்கி முருங்கை மரத்தடிக்குப் போய்விட்டா. அது அவவுடைய குசினி. அவவுடைய அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. கொண்டுவந்த இரட்டை ஸ்பீக்கர் கேசட் ரேடியோவை அம்மியின் மேல் வைத்து, நாலு வீட்டுக்குக் கேட்கும்படி பாட்டைத் திருகிவிட்டேன். அத்தரும் பூசியிருந்தேன். (குளிக்கிறேனோ இல்லையோ, லீவு முழுக்க அத்தர் பூசினேன். நான் வருகிறேன் என்று சந்திக்குச் சந்தி முன்கூட்டியே தெரியும்.)

ஓட்ஸ் டின்னைத் தாச்சிச் சட்டியில் கவிழ்த்தேன். கவிழ்த்துவிட்டுப் பாட்டுக்குத் தலையாட்டினேன். பாட்டு முடிய ஓட்ஸ் கரியாகியிருந்தது. அதைக் கோழிக்குக் கொட்டினேன், கோழியும் தொடவில்லை. இனி என்ன செய்வது என்று அண்ணாந்து பார்த்தபோது, அடுப்புக்கு மேலே, புகை படுகிற இடத்தில், வாய் கட்டிய ஒரு மண்முட்டி தொங்கியது. அவிழ்த்துப் பார்த்தால் பயறு. நல்ல திரண்ட பயறு, சாம்பல் கொஞ்சம் பூத்திருந்தது. வெள்ளைக்காரனுக்கு ஓட்ஸ் என்றால் நமக்குப் பயறு, சத்துக்குச் சத்து என்று என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுப்புக்கு மேலே தொங்குவது விதைமுட்டி என்று சம்மாந்துறையில் நடை பழகுகிற பிள்ளைக்கும் தெரியும். மாரி மழைக்கு மேட்டுக்காணியில் விதைக்க, மாமி ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பூச்சி விழாமல் வேப்பெண்ணெய் பிரட்டிக் காயவைத்து, சாம்பல் தூவிக் கட்டியது. துணிக்கடைக்காரன் மகனுக்கு அது தெரியவில்லை. வறுக்கும்போது வேப்பெண்ணெய் மணந்திருக்க வேண்டும். மணந்துதான் இருக்கும். அத்தரைத் தாண்டி எனக்கு எந்த மணமும் வரவில்லை.

மாமி மரத்தடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தா. முதலில் செருமினா. பிறகு ஒரு பானையைக் கவிழ்த்துத் தட்டினா. பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு, அது விதையென்று வாப்பாவிடம் போய்ச் சொல்லச் சொல்லியிருக்கிறா. பிள்ளை அலுமாரிக்கு முன்னால் போய் நின்று, படத்திடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். கடைசியில் மாமி கோழியிடமே சொன்னா. நான் யன்னலால் பார்த்தேன்; மாமியின் வாய் அசைகிறது, கை குசினிப் பக்கம் நீளுகிறது. ரேடியோ சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கருகிய ஓட்ஸைத் தின்னவில்லையென்று கோழியை ஏசுகிறா என்று நினைத்தேன். மருமகனுக்காக இப்படிப் பரிந்து பேசுகிற மாமி யாருக்குக் கிடைக்கும் என்று கண் கூடக் கலங்கியது.

பயறை உடைத்தேன். கச்சான் கடலையும் எள்ளும் பேரீச்சம்பழமும் சேர்த்தேன். சீனிப்பாகு காய்ச்சி, தேன் ஊற்றி, எல்லாவற்றையும் கொட்டித் தட்டில் அமத்தினேன். ஆறிய பிறகு அது தட்டை விட்டு வரவில்லை. கொடுவாக் கத்தியால் வெட்டினேன், கத்தியின் வாய் மழுங்கியது. அம்மிக் குழவியால் தட்டி உடைத்து, நீளமாக வந்த துண்டுகளைப் பொறுக்கி, சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தில் சுற்றினேன். உண்மையைச் சொன்னால் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ருசி பார்க்கவில்லை. முதல் துண்டு பிள்ளைக்கு என்று நிய்யத்து வைத்திருந்தேன்.

வெள்ளிக் காகிதம் மினுங்கியதில் அவள் குசினி வாசலில் வந்து நின்றாள். நான் நிலத்தில் வைக்கவில்லை. கையை நீட்டியபடி குந்தியிருந்தேன். ரேடியோவை நிறுத்தினேன். அவள் ஒரு எட்டு வைத்தாள். இன்னொரு எட்டு. கிட்ட வந்து என் கையிலிருந்தே எடுத்தாள்; அவளுடைய விரல் என் உள்ளங்கையில் பட்டது. நாலு வருசம் கழுவிய சட்டிக்கெல்லாம் கூலி வந்து சேர்ந்தது போல இருந்தது எனக்கு. அவள் காகிதத்தை விரித்து வாயில் வைத்துக் கடித்தாள்.

அந்த நேரத்தில் மாமி முக்காடு நழுவியபடி உள்ளே ஓடி வந்தா. வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொன்னா.

"மருமகன், குடுக்காதீங்க. அது வேப்பெண்ணெய் போட்ட விதைப்பயறு."

பிள்ளை முதலில் இனிப்பைக் கண்டாள், பிறகு அதற்குள்ளிருந்த கசப்பைக் கண்டாள். முகம் அப்படியே சுருங்கிப் போனது. அழவில்லை. வாயில் இருந்ததை நான் உடுத்தியிருந்த சாறனிலேயே துப்பினாள். மாமி அவளைத் தூக்கி வாயைக் கழுவி, நாக்கில் சீனி வைத்தா. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அந்தக் கைநீட்டிய கோலத்திலேயே குந்தியிருந்தேன். எழும்ப வெட்கமாக இருந்தது. அவள் மாமியின் இடுப்பிலிருந்து என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் நேராகக் கதைத்தாள்.

"பொட்டி மாமா, நீங்க எப்ப போற?"

பிள்ளை கேட்ட முதல் கேள்வி. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இன்னும் பதினொரு நாள் இரிக்கி, மகள்" என்றேன்.

அவளுக்கு அப்போதுதான் எண்ணப் பழக்கியிருந்தார்கள். இடுப்பிலிருந்து இறங்கி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். பத்தோடு விரல் முடிந்துவிட்டது. இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கிட்ட வந்து, நீட்டியபடியே இருந்த என் கையில் சுண்டுவிரலைப் பிடித்து, "பதினொண்டு" என்றாள்.

பின்னேரம் மாமா வந்தார். நடந்ததைச் சொன்னார்கள். விதை போனதைப் பற்றி அவர் ஒரு சொல் கேட்கவில்லை. மாப்பிள்ளையை ஏசுகிற வழக்கம் இல்லை. அதைவிடக் கொடுமையாக, ஒரு சத்துக்கட்டியை எடுத்து என் முன்னாலேயே முழுக்கத் தின்றார். "சத்து இரிக்கி மகன்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். வாளி இறங்கி ஏறுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. அந்த மாரியில் மாமியின் மேட்டுக்காணி பயறில்லாமல் கிடந்தது என்று பிறகு கடிதத்தில் அறிந்தேன். மாமி அதற்குப் பிறகு மௌத்தாகும் வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை. அவ எனக்கென்று சொன்னது மொத்தமாக அந்த இரண்டு வசனம்தான்.

சுபைதா வந்ததும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நான் சமையல்காரன் இல்லை, சட்டி கழுவுகிறவன் என்றேன். அவள் தட்டைச் சுரண்டிக்கொண்டே, "தெரியும்" என்றாள். "வந்த அண்டைக்கே உங்கட கையப் பார்த்தனே." சட்டி கழுவுகிற சோடா பட்டு வெடித்த என் கையை நான் சாறனுக்குள் மறைத்தேன். அவள் சுரண்டுவதை நிறுத்தவில்லை, பிழையாகத்தான் சுரண்டினாள். கையிலிருந்ததை வாங்கி நானே கழுவினேன். அதில் மட்டும் என்னை அடிக்க ஆளில்லை.

இது நடந்து எத்தனையோ வருசம் ஆகிவிட்டது. நஸ்லியா இப்போது பள்ளிக்கூட ரீச்சர், இரண்டு பிள்ளைக்குத் தாய். சவூதிக் காசில் நான் கட்டிய வீடு எங்கள் வழமைப்படி அவளுக்குச் சீதனமாகிவிட்டது. நானும் சுபைதாவும் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறோம். அந்த வீட்டில் பாகற்காய் கசந்தால், "வாப்பா செஞ்சதா?" என்பார்கள். நான் அங்கே போய்க் கதிரையில் இருந்தால் பேரப்பிள்ளைகள் பத்து விரலையும் விரித்துக்கொண்டு ஓடி வந்து, "எப்ப போற?" என்று கேட்டு, என் சுண்டுவிரலைப் பிடித்து இழுப்பார்கள். கலியாண வீடுகளில் நஸ்லியாவே இந்தக் கதையைச் சொல்லுவாள். கோழியிடம் மாமி சொன்னது, மாமா கிணற்றடிக்குப் போனது, எல்லாம் நடித்துக் காட்டி, "பதினொண்டு" என்பதில் கொண்டுவந்து முடிப்பாள். எல்லாருக்கும் முதல் சிரிக்கிறவன் நான்.

அடுத்த நாள் காலையை அவள் சொல்வதில்லை. நினைவிருக்காது. அன்று அவள் விடிந்ததும் தானாகவே என் கட்டிலடிக்கு வந்து, இன்னும் எத்தனை நாள் என்று கேட்டாள். நான் கையை நீட்டிக்கொண்டு, பத்து என்றேன். பத்துக்கு அவளுடைய விரல்களே போதுமாக இருந்தன.