எண்ணூறு கிலோ மறியல்

இனி யாருக்காகவும் போராடுவதில்லை என்று ஐப்பசி முதல் தேதி காலையில் தீர்மானம் நிறைவேற்றினேன். ஆதரவு ஒன்று. எதிர்ப்பு இல்லை. கூட்டத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

முப்பத்தெட்டு ஆண்டுகள். இருபத்தாறு கைதுகள். என்னோடு தண்டவாளத்தில் படுத்தவர்களெல்லாம் எழுந்துபோய் ஏதேதோ வாரியங்களுக்குத் தலைவர்களாகிவிட்டார்கள். நான் மட்டும் ரயில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். கண்ட பலன் முதுகுவலியும் நாற்பத்தொரு சால்வைகளும். சால்வைகளை என் மனைவி ராஜாத்தி நடவு இயந்திரத்துக்குத் தூசி படாமல் போர்த்தி வைத்திருக்கிறாள்.

ராஜாத்தி நடவு, அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறவள். திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தில் எந்த எஞ்சின் இருமினாலும் போன் அவளுக்குத்தான் வரும். நான் சமுதாயத்தைப் பழுது பார்க்கப் போனேன். அவள் டிராக்டரைப் பழுது பார்த்தாள். டிராக்டர் ஓடுகிறது.

தீர்மானத்தின் மை காய்வதற்குள் அவள் வந்து நின்றாள்.

"ஏங்க, கொள்முதல் நிலையத்தைப் பூட்டி இன்னையோட பதினோரு நாளாச்சு. ஊர் நெல்லு பூரா ரோட்டோரம் கிடக்குது. வானம் வேற கறுத்துக்கிட்டு நிக்குது. ஒரு மறியல் பண்ணுங்களேன்."

"மாட்டேன்."

"நம்ம நெல்லும் அதுலதான் கிடக்குது."

"இனி எனக்காக மட்டும்தான் போராட்டம். தீர்மானம் போட்டாச்சு."

"உங்களுக்காகன்னா, என்ன வேணும் உங்களுக்கு?"

இப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அறைக்குள் நாலு தடவை நடந்தேன். உட்கார்ந்தேன். எழுந்தேன்.

"தெரியலைன்னா பரவாயில்லை, சட்டையை மாட்டுங்க. பழைய டிராக்டரை வித்தாச்சு. கார் பார்க்கப் போவோம்" என்றாள்.

தஞ்சாவூரில் அன்சார் பழைய கார்களை வாங்கி விற்கிறவர். அவருடைய கொட்டகையில்தான் எனக்கு என்ன வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தது. அது சிவப்பாக இருந்தது. இரண்டே இருக்கை. மேலே கூரை கிடையாது. சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் கப்பலில் கொண்டுவந்த ஸ்போர்ட்ஸ் கார்.

"மொத்தமே எண்ணூறு கிலோ, தலைவரே. ஆறு பேர் சேர்ந்தா கையால தூக்கிடலாம்" என்றார் அன்சார்.

உள்ளே இறங்கி உட்கார்ந்தேன். ரோட்டுக்கும் எனக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. சாலை மறியலில் உட்காருவதும் இதில் உட்காருவதும் ஏறத்தாழ ஒரே உயரம். சொந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

ராஜாத்தி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற வெள்ளி நிறச் செடானின் பானெட்டைத் திறந்து, தலையை உள்ளே விட்டிருந்தாள்.

"டர்போ. இருநூறு குதிரைத்திறன். நாலு கதவு. இதுதாங்க நமக்கு."

"எடை ஆயிரத்து ஐந்நூறு கிலோ ராஜாத்தி! டன்னுக்கு நூத்து முப்பத்து மூணு குதிரைதான் வருது. இதுக்குப் பாரு, டன்னுக்கு நூத்து அறுபத்தேழு!"

"டன்னு கணக்கெல்லாம் இருக்கட்டும். டிக்கியில என்ன வைக்கலாம்?"

"பெட்டி வைக்கலாம்."

"என்ன பெட்டி?"

நான் அன்சாரைப் பார்த்தேன். அவர் நேர்மையானவர். "வெத்தலைப் பெட்டிங்க அக்கா" என்றார்.

"மழை பெஞ்சா?"

"துணிக்கூரை இருக்குங்க. மாட்டப் பத்து நிமிஷம் ஆகும்."

"அதுக்குள்ள மழையே விட்டுடுமே. பரணி புள்ளைங்களோட ஊருக்கு வந்தா எங்க உட்காருவான்?"

பரணிதரன் எங்கள் மகன். அபுதாபியில் இருக்கிறான்.

"அவன் வர்றதே ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம். அதுக்காக மூணு சீட்டைச் சும்மா சுமந்துக்கிட்டுத் திரியணுமா?"

அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு. மிச்சத்தைத் துண்டறிக்கைகளில்தான் படித்தேன். எனவே எனக்கு எந்த வாதமும் நாலு பக்கத்தில் அச்சடித்தால்தான் வாதமாகத் தோன்றும். தலைப்பு: 'எடையே ஆதிக்கம்!' உள்ளே: 'தேவையற்ற ஒவ்வொரு கிலோவும் எஞ்சினின் உழைப்பைச் சுரண்டுகிறது. நான்கு கதவு என்பது நடுத்தர வர்க்கத்தின் பயம். டிக்கி என்பது பதுக்கல்.' இருநூறு பிரதி அடித்தேன். வாசகர் ஒருவர்தான். இருந்தாலும் இருநூறுக்குக் கீழே அச்சகத்தில் அடிப்பதில்லை.

ராஜாத்தி கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா டார்க்கைப் பத்தி ஒரு வரி இல்லையே."

"அது எதுக்கு?"

"சேத்துல சிக்கினா இழுத்துவிடுறது குதிரைத்திறன் இல்லைங்க, டார்க்கு. நாப்பது வருஷம் பக்கத்துல இருந்தும் இது தெரியலையா?"

மறுநாள் காலை ஏழு மணிக்குக் காலவரையற்ற உண்ணாவிரதத்தை அறிவித்தேன். அடுப்படியிலிருந்து இட்லி வாசனை வந்தது. அடக்குமுறை என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டேன். எட்டு மணிக்குச் சாம்பார் வாசனை. ஒன்பது மணிக்கு அவள் ஒரு தாளோடு வந்தாள்.

"பேச்சுவார்த்தைக்கு வர்றீங்களா?"

"எழுத்துபூர்வமா வேணும்."

"எழுதித்தான் கொண்டாந்திருக்கேன்."

வாங்கிப் படித்தேன். நாளை காலை பத்து மணிக்கு இரண்டு கார்களும் காவிரிப் பாலத்திலிருந்து புறப்பட வேண்டியது. சிவப்புக் காரை நான் ஓட்டுவது. செடானை அவள் ஓட்டுவது. எந்தக் கார் தன் சக்கரத்தில் உருண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு முதலில் வந்து நிற்கிறதோ அதையே வாங்குவது. கீழே அவள் கையெழுத்து. தேதி. நேரம்.

வேகத்தில் ஸ்போர்ட்ஸ் காரைச் செடான் முந்துவதாவது! எந்த மாவட்ட நிர்வாகமும் என்னிடம் இவ்வளவு தெளிவாகச் சரணடைந்ததில்லை. காகிதத்தில் எழுதி நீட்டினால் நான் உடனே கையெழுத்துப் போடுவேன். அதுதான் என் பலவீனம். போட்டேன். எலுமிச்சைச் சாறு கொடுத்தாள். குடித்தேன். வெற்றி. ஒன்பது இட்லி சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி. பாலத்திலிருந்து சிவப்புக் கார் கிளம்பியது. என்ன சொல்ல! ஸ்டீயரிங்கைத் தொட்டால் திரும்புகிறது. நினைத்தாலே திரும்புகிறது. இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் நெல், தலைக்கு மேலே கறுத்த வானம். மூன்றாவது கியரில் இருபத்தாறு கைதுகளும் பின்னால் பறந்துபோயின. நான்காவது கியரில் வாரியத் தலைவர்களெல்லாரும் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளிச் செடான் ஒரு பொட்டு. அதற்குள் ராஜாத்தியும் அன்சாரும் ஒரு புள்ளியாக உட்கார்ந்திருந்தார்கள். அறுபத்து மூன்று வயதில் முதல் தடவையாக நான் எதையும் நிறுத்தப் போகவில்லை. போய்க்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் ஊர் எல்லையில் அந்த வேகத்தடை தெரிந்தது.

அது நான் வாங்கிக் கொடுத்தது. பத்து வருடத்துக்கு முன்னால் மூன்று மணி நேரம் மறியல் செய்து பெற்றது. நாலு அங்குலம் போதும் என்றார் பொறியாளர். ஒன்பதுக்குக் குறைந்தால் எழமாட்டேன் என்றேன் நான். ஒன்பது வாங்கினேன். அன்றைக்கும் ஒரு சால்வை.

பிரேக்கை மிதித்தேன். முன்சக்கரம் ஏறி இறங்கியது. 'டொங்' என்று ஒரு சத்தம். கார் வயிற்றை மேட்டில் வைத்துக் குறுக்காகப் படுத்துவிட்டது. பின்சக்கரம் தன் பாட்டுக்குச் சுற்றியது. ரோட்டில் இனி சைக்கிள்கூடப் போக முடியாது. பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. எதிரே ஒரு வைக்கோல் லாரி நின்றது.

கொள்முதல் நிலையம் அங்கேதான், பத்தடி தள்ளி. வாசலில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நெல்லுக்குக் காவல் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள்.

"தலைவர் வந்துட்டாருய்யா!"

நான் ஒருவழியாகக் காரிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தேன். "ஆறு பேர் வாங்கப்பா. தூக்குங்க!"

"எவன் வந்து தூக்குறான்னு பார்த்துடுறோம் தலைவரே!" என்று காரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் நடுரோட்டில் வேறு எதற்கும் நின்று அவர்கள் பார்த்ததில்லை.

குத்தகைக்கு மூன்று மா நிலம் சாகுபடி செய்கிற ஜன்னத் பீவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "வரமாட்டேன்னுட்டீங்கன்னு சொன்னாங்கண்ணே. கடைசியில காரையே குறுக்க போட்டுட்டீங்களே! என் நெல்லு முளைச்சுப்போச்சுண்ணே" என்று முளைவிட்ட நெல்லை ஒரு கை அள்ளி நீட்டினாள்.

அதைப் பார்த்தபிறகு, கார் மாட்டிக்கொண்டது, கொஞ்சம் தள்ளிவிடுங்கள் என்று எந்த மனிதனால் சொல்ல முடியும்? வாய் தானாகத் திறந்தது.

"பதின்மூன்று நாள்!" என்றேன். "திற! கதவைத் திற!" என்றது கூட்டம்.

அந்த நேரம் பார்த்து வெள்ளிச் செடான் வந்தது. "அக்காவுக்கு வழி விடுங்கப்பா" என்று வைக்கோல் லாரிக்காரரே லாரியை ஓரம் கட்டினார். செடான் ரோட்டோரச் சேற்றில் இறங்கியது. ஒரு சின்ன உறுமல். ஏறி வந்துவிட்டது. ராஜாத்தி கண்ணாடியை இறக்கினாள்.

"நீங்க பேசிக்கிட்டிருங்க. நான் வீட்டு வாசல்ல வண்டியை விட்டுட்டு வந்துடுறேன்."

அன்சார் மட்டும் என்னைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு போனார்.

பன்னிரண்டு மணிக்குத் தாசில்தார் வந்தார். ஒரு மணிக்குப் பூட்டு திறந்தது. முதல் மூட்டை ஜன்னத் பீவியுடையது. எடை போடும்போதே தூறல் விழுந்தது. கூட்டம் என்னைத் தோளில் தூக்கியது. காரைத் தூக்கியது கடைசியில் ஆறு போலீஸ்காரர்கள்தான். பிறகு முறைப்படி எங்கள் நாற்பது பேரையும் கைது செய்து கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். இருபத்தேழு.

எனக்கு இருப்பே கொள்ளவில்லை. கார் போனது போனதுதான். ஆனால் திட்டமில்லாமல், தயாரிப்பில்லாமல், துண்டறிக்கைகூட இல்லாமல் ஒரு மறியலை ஒற்றை ஆளாக நடத்தி ஜெயித்திருக்கிறேன். இதை ராஜாத்தி இதோடு ஒப்புக்கொண்டே ஆகவேண்டும்.

இரண்டு மணிக்குச் சாப்பாடு வந்தது. சமையல்காரர் காதர் மைதீன் சுடச்சுடத் தக்காளிச் சோற்றை அண்டாவோடு இறக்கினார். எனக்கு மட்டும் தனியாக ஒரு பொட்டலம் கொடுத்தார்.

"திடீர்னு நடந்த மறியல். நாப்பது பேருக்கு எப்படிய்யா அதுக்குள்ள சமைச்சே?" என்று கேட்டேன்.

"திடீர்னா? ராஜாத்தியக்கா நேத்துக் காலையிலேயே சொல்லிட்டாங்களே, தலைவரே. உங்களுக்கு மட்டும் உப்பைக் குறைக்கச் சொன்னாங்க."