மேசைக்கால் தாங்கிய லெஃப்ட் பேக்

போர்ச்சுகல் கால்பந்து வரலாற்றில் புகழை முழுமையாக வெறுத்த ஒரே வீரர் அதெரித்து ஃபல்காத்து. இது அவரே விசாரித்து உறுதிசெய்த தகவல். வாரம் மூன்று முறை, கேட்காதவர்களுக்கும் தெரிவித்துவருகிறார்.

பதினாறு வருட ஆட்டம், ஒன்பது கிளப், இரண்டு கோல். அதில் ஒன்று எதிரணிக்குச் சேர்ந்தது. இப்போது எங்கள் ஊர் சாந்தா லுசியாவின் 'எட்டுக்கால் கணவாய்' அணியில் லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்கத்தைக் காக்கும் தடுப்பாட்டக்காரர். கிளப் நடத்திய "ஒப்பீட்டுப் புகழ் ஆய்வில்" நான்காம் இடம். முதல் மூன்று இடங்களைக் கோல் அடிக்கும் நெல்சீனியு, கணவாய் வேஷம் போடுகிறவர், புல்வெட்டும் இயந்திரம் ஆகியோர் 'கைப்பற்றினர்'.

மூடிய பாக்கெட் வாங்கி, அதில் வரும் வீரர் படத்தை அவரவர் கட்டத்தில் ஒட்டிச் சேர்க்கும் இந்த வருட ஸ்டிக்கர் ஆல்பத்தில் அவருக்கும் ஒரு கட்டம் கிடைத்தது. எண் 214. பதினாறு வருடத்தில் முதல் முறை. இந்த சீசனோடு ஓய்வு என்பதால் கடைசி முறையும்கூட.

ஞாயிறு காலை ஜுல்மீராவின் காபிக்கடையில் பெரியவர்கள் கூடி, மிகுதியாக வந்த ஸ்டிக்கர்களை மாற்றிக்கொள்வார்கள். அதெரித்து 'தற்செயலாக' அங்கே போவார். பதினொரு ஞாயிறாகத் தற்செயல்.

"துண்டுக் காகிதத்துக்கு இப்படி அலையறீங்களே, வெக்கமா இல்ல?" என்றார். "அதுலயும் தன் மூஞ்சியவே தேடி ஒட்டிக்கிற ஆட்டக்காரன் இருக்கான். அது ஒரு வியாதி."

"ஒனக்கு அந்தக் கவலை வேண்டாம் தம்பி," என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர் பெல்மீரு. "ஒரு நெல்சீனியு வேணும்னா உன்ன மாதிரி பதினொண்ணு குடுக்கணும். அப்பவும் யோசிச்சுட்டுதான் வாங்குவாங்க."

"பதினொண்ணா? போன வாரம் ஒம்பதுதானே?"

அதெரித்துவுக்கு வாய் தவறிவிட்டது. நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை.

"நேத்து எதிரணிக்கு ஒரு பெனால்ட்டி வாங்கிக் குடுத்தியே, அதான்."

ஜுல்மீரா காபியை வைத்தார். "இந்த மேசை ஒரு வருஷமா ஆடிட்டே இருந்துச்சு. உன்ன அஞ்சு அடுக்கி எடது காலுக்குக் கீழ வச்சேன். கல்லு மாதிரி நிக்குது பாரு. மைதானத்துல ஒரு நாளாவது எடப்பக்கம் இப்படி நின்னிருக்கியா?"

கடையே சிரித்தது. அதெரித்துவும் சிரித்தார், மற்றவர்கள் நிறுத்திய பிறகும்.

"கடைசியா ஒரு எடத்தக் காப்பாத்திட்டேன்னு சொல்லுங்கக்கா."

கூட்டம் கலைந்தது. ஜுல்மீரா கோப்பைகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனார். அதெரித்து ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தார். அன்று அவர் போட்டிருந்தது நாடா இல்லாத ஷூ.

பக்கத்து ஊரான தவீராவில், தொப்பியைப் புருவம்வரை இறக்கிக்கொண்டு, ஏற்கெனவே நாற்பது பாக்கெட் ஸ்டிக்கர் வாங்கியிருந்தார். நாற்பதிலும் அவர் வரவில்லை. நெல்சீனியு ஐந்து முறை வந்திருந்தான். வீட்டு ஆல்பத்தில் எத்தனையோ கட்டங்கள் காலி; அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கேட்டால் ஊரே ஓசியில் கொடுத்திருக்கும். ஆனால் கேட்க வேண்டுமே.

தோளால் மேசையைத் தூக்கி, ஐந்து அதெரித்துகளை உருவி, பாக்கெட்டிலிருந்த ஐந்து நெல்சீனியுகளைச் சொருகினார்.

அன்றைய நிலவரம், ஒன்றுக்குப் பதினொன்று. அவர் ஐந்துக்கு ஐந்து கொடுத்தார். புகழை வெறுப்பவர்கள் பேரம் பேசுவதில்லை.