நஞ்சுண்டசாமி எடுத்த முடிவு

ஆபீஸ் வாசலில் மாட்டியிருந்த எந்திரம் நஞ்சுண்டசாமியைப் பார்த்து, "யாரய்யா நீ?" என்று கேட்டுவிட்டது.

வாயைத் திறந்து கேட்கவில்லை. சிவப்பு விளக்கைப் போட்டுக் கேட்டது. முகத்தைக் காட்டினால் வருகையைப் பதிந்துகொள்கிற எந்திரம் அது. மைசூரில் அவர் கணக்கராக இருந்த கூட்டுறவுச் சங்கத்தில் அன்றைக்குத்தான் மாட்டியிருந்தார்கள். ஊழியர்களின் பழைய அடையாள அட்டைப் படங்களை அதற்குள் ஏற்றியிருந்தார்கள். எல்லோருக்கும் பச்சை எரிந்தது. பியூனுக்கு எரிந்தது. தண்ணீர் கேன் போட வந்த ஆள் சும்மா எட்டிப் பார்த்தான், அவனுக்குக்கூட எரிந்தது என்று நஞ்சுண்டசாமி பிறகு சத்தியம் செய்தார். அவருக்கு மட்டும் சிவப்பு.

நேராகப் பார்த்தார். சாய்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். சிரித்துக்கூடப் பார்த்தார். ஆபீஸில் அவர் சிரித்ததே அன்றைக்குத்தான். அதையும் எந்திரம் மதிக்கவில்லை.

பின்னால் வரிசையில் நின்ற சந்தோஷ்குமார், வேலைக்குச் சேர்ந்து இன்னும் சட்டைக் கஞ்சி கலையாதவன், மெதுவாகச் சொன்னான்:

"சார், பழைய போட்டோல உங்களுக்கு முடி இருக்கு சார். மிஷின் அதைத் தேடுது. நெத்திக்கு மேல கையை வெச்சு மறைச்சுப் பாருங்க."

வைத்தார். பச்சை எரிந்தது.

ஆக, இனி தினமும் காலையில் ஒரு தகர டப்பாவுக்கு சலாம் போட்டுவிட்டுத்தான் அவர் நாற்காலியில் உட்கார வேண்டும். கொள்ளேகாலத்தில் நாலு ஏக்கர் மஞ்சள் போடுகிற குடும்பத்தில் பிறந்தவருக்கு இந்தக் கதியா?

சாயங்காலம் கொதிப்பு அடங்க இளநீர் குடிக்கலாம் என்று, அவர் குடியிருந்த அக்ரஹாரத்துத் தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்தினார். இளநீர்க்காரர் ஹனூர்ப் பக்கத்துத் தமிழர். அரிவாளைத் தூக்கிப் பிடித்தபடி நஞ்சுண்டசாமியை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டார்:

"வழுக்கைங்களா?"

"யாரைப் பாத்துய்யா கேக்கறே?"

"காயைத்தானுங்க கேட்டேன். தண்ணிக் காயா, வழுக்கைக் காயா?"

இளநீரைக் குடிக்காமலே வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் போய்க் குமுறலாம் என்றால் அதற்கும் வழியில்லை. காரணம், அவருடைய சொந்த வாய். போன மாதம்தான் அவர் மனைவி பூங்குழலி, சீப்பில் சுருண்டிருந்த முடியைக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டி, "ஏனுங்க, கொத்துக் கொத்தா வருதுங்க. தோல் டாக்டரம்மாகிட்ட ஒரு எட்டுக் காட்டிட்டு வந்துரலாமுங்களா?" என்று கேட்டிருந்தாள். பேரிலேயே கூந்தலை வைத்திருப்பவளுக்குக் கவலை வராதா?

நஞ்சுண்டசாமி அன்றைக்குப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒரு சொற்பொழிவே ஆற்றினார். முடி என்பது இலை. உதிரும். இயற்கையோடு சண்டை போடக்கூடாது. மனுஷனுக்கு அழகு மனசில் இருக்கிறது. முடிக்காக டாக்டரிடம் போகிறவர்கள் தன்னம்பிக்கை இல்லாதவர்கள். இந்த வீட்டிலிருந்து எவரும் அப்படிப் போகக்கூடாது.

பூங்குழலி, "சரிங்க" என்று சொல்லிவிட்டுச் சீப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் சரி என்று சொன்னால் அது சரி என்றே நஞ்சுண்டசாமி இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருந்தார்.

இப்போது எந்த முகத்தோடு டாக்டரிடம் போகிறேன் என்று சொல்வது? எந்திரமே ஒப்புக்கொள்ளாத முகம்!

சொல்லாமல் போவது என்று முடிவெடுத்தார். முடி விஷயத்தில் அவர் எடுத்த முதல் முடிவு அது.

குவெம்புநகரில், அக்ரஹாரத்துக்காரர்கள் கண்ணில் படாத தூரத்தில், பிரதிபா என்ற டாக்டரம்மாவின் கிளினிக் இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே போய் உட்கார்ந்தார்.

"ஹெல்மெட்டை எடுத்தாத்தானே நான் பார்க்க முடியும்?" என்றார் டாக்டரம்மா.

எடுத்தார். டாக்டரம்மா விளக்கைத் திருப்பினார். விளக்குக்கு அங்கே பெரிய வேலை இருக்கவில்லை.

"டாக்டர், முடியுமா?"

"முடியும். ஆனா பொறுமை வேணும். காலையிலயும் சாயங்காலமும் இந்த லோஷனைத் தடவணும். அப்பப்போ வந்து தலையில ஊசி போட்டுக்கணும். மொதல்ல கொஞ்சம் கொட்டும்."

"என்னது?"

"இருக்கிறது கொட்டிட்டுத்தான் புதுசு வரும். பயப்படாதீங்க."

நஞ்சுண்டசாமிக்கு மூக்கு விடைத்தது. கொட்டக்கூடாது என்று வந்தால் கொட்டும் என்கிறாளே! பசிக்கிறது என்று வந்தவனிடம் முதலில் இரண்டு நாள் பட்டினி கிட என்று எந்த ஓட்டல்காரனாவது சொல்வானா? ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு மருந்தை வாங்கினார்.

டாக்டரம்மா வாக்குத் தவறவில்லை. கொட்டியது. காதோரத்தில் அவருக்கு விசுவாசமாக நின்றிருந்த முடிகூடக் கட்சி மாறிக் கீழே விழுந்தது. குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டையைப் பார்த்து அவர் தினமும் பற்களை நறநறவென்று கடித்தார். லோஷன் பாட்டிலை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், துடைக்கிற துணிக்குள் சுற்றி வைத்திருந்தார். காலையில் வண்டி துடைக்கிறேன் என்று இறங்கித் தலையைத் துடைத்துக்கொண்டார். அக்ரஹாரத்திலேயே அவ்வளவு பளபளப்பான வண்டி கிடையாது என்று பக்கத்து வீட்டு ரங்கம்மா நினைத்திருக்க வேண்டும். உண்மையில் வண்டியின் மேல் இருந்த தூசியில் பேரெழுதலாம்.

ஊசி போட்டுக்கொள்ளப் போகிற நாட்களில் பூங்குழலி கேட்பாள்:

"எங்கீங்க கெளம்பிட்டீங்க?"

"கோயிலுக்கு."

"கோயிலுக்குங்களா? நீங்களா?"

"ஏன், நான் போகக்கூடாதா? சாமி என்ன உனக்கு மட்டும் சொந்தமா?"

"போயிட்டு வாங்க. குங்குமம் கொண்டாங்க."

குங்குமத்துக்காகவே தனியாக ஒரு கடையைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

மாதங்கள் போயின. ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்றவருக்கு உச்சந்தலையில் ஏதோ நிழல் விழுந்த மாதிரி இருந்தது. தடவினார். நிழல் குத்தியது. முடி! பூனைமுடிதான், ஆனாலும் சொந்த முடி. இன்னும் கொஞ்ச நாளில் அது கறுத்தது, அடர்ந்தது, சீப்புக்கு வேலை வைத்தது. ஒரு காலையில் ஆபீஸ் எந்திரத்தின் முன்னால் கையைத் தூக்காமல், நெஞ்சை நிமிர்த்தி நின்றார். பச்சை எரிந்தது. அன்று மத்தியானம் சந்தோஷ்குமாரைக் கூப்பிட்டு, அவன் போட்ட கணக்கில் இல்லாத தப்பைக் கண்டுபிடித்துத் திட்டினார். மனசு நிறைந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சோறு போட்டுக்கொண்டிருந்த பூங்குழலி, கரண்டியை நிறுத்திவிட்டு அவர் தலையைப் பார்த்தாள்.

"ஏனுங்க, முடி வந்திருக்குதுங்களே!"

"ம்."

"எப்படீங்க?"

நஞ்சுண்டசாமிக்குச் சோறு தொண்டையில் நின்றது. மருந்து என்று சொன்னால் போன வருஷத்துச் சொற்பொழிவு என்ன ஆவது? இலை, இயற்கை, தன்னம்பிக்கை எல்லாம் வரிசையாக வந்து பல்லிளிக்குமே! மோரைக் குடித்து விழுங்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"எல்லாம் மாதப்பன் அருள்."

மாதப்பன் என்கிற மாதேஸ்வரன் மலைச் சாமிதான் இரண்டு குடும்பத்துக்கும் குலசாமி. பூங்குழலி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அதுக்குத்தானுங்களா கோயில் கோயிலாப் போனீங்க? என்னன்னு வேண்டிக்கிட்டீங்க?"

"முடி வேணும்னு."

"வந்தா?"

"வந்தா என்ன?"

"வந்தா என்ன பண்றேன்னு சொன்னீங்க? சும்மா குடுப்பாருங்களா சாமி?"

"அது... ஏதோ காணிக்கை..."

"முடியக் கேட்டு வாங்கினா முடியத்தானுங்க காணிக்கை குடுக்கோணும்."

நஞ்சுண்டசாமி இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அட, குடுத்த முடியவே திருப்பிக் குடுக்கறதுன்னா அப்புறம் வாங்கினது எதுக்கு?"

"சாமி விஷயத்துல கணக்குப் பாக்காதீங்க. இது உங்க சங்கம் இல்ல."

அடுத்த வாரம் முழுக்க அவர் போராடினார். லீவு கிடைக்காது என்றார். அவரிடமே பாக்கி லீவு கிடப்பதை அவள் சொன்னாள். இடுப்பு வலி என்றார். தைலம் தேய்த்துவிட்டாள். பூமுடி மாதிரி நாலு மயிர் மட்டும் வெட்டிக் கொடுத்தால் போதாதா என்று பேரம் பேசினார்.

"சாமி நாலு மயிரா குடுத்தாரு?" என்றாள் பூங்குழலி.

சனிக்கிழமை விடிந்ததும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்கார வைத்து, வெளியே போக வழியில்லாதபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கொள்ளேகாலம் வந்தது. பூங்குழலி பையிலிருந்து முறுக்கை எடுத்துக் கொடுத்துவிட்டு, "ஏனுங்க, சாமிகிட்டப் போறோம். மனசுல ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங்க" என்றாள்.

"ஒண்ணுமில்லே."

ஹனூர் தாண்டியது. "நெசமாவே ஒண்ணுமில்லீங்களா?"

"இல்லேன்னா இல்லே! முறுக்கைத் தின்ன விடு."

மலை ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு திருப்பத்திலும் 'கொண்டை ஊசி வளைவு' என்று பலகை வைத்திருந்தார்கள். நஞ்சுண்டசாமிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மொட்டை போடப் போகிறவன் போகிற பாதைக்கு இந்தப் பேரை வைத்தவன் எவன்? காற்று ஜன்னல் வழியாக வந்து அவர் முடியைக் கலைத்தது. எத்தனை வருடத்துக்குப் பிறகு காற்றுக்குக் கலைக்க ஒன்று கிடைத்திருக்கிறது! கையால் பொத்திக்கொண்டார்.

முடி எடுக்கும் மண்டபத்தில் கூட்டம். "உகே மாதப்பா!" என்ற கோஷம் காதைப் பிளந்தது. சீட்டு வாங்கி வந்து பூங்குழலி அவரை ஒரு மணையில் உட்கார வைத்தாள். முடி எடுப்பவர் பேர் மல்லப்பன். தலையில் தண்ணீர் தெளித்து உச்சியைத் தேய்த்தவர், கையை நிறுத்தி வியந்தார்.

"நல்ல முடி ஸ்வாமி! தேங்கா நார் மாதிரி கெட்டியா இருக்கு."

அந்தப் பாராட்டுதான் நஞ்சுண்டசாமியை உடைத்தது. இத்தனை நாளில் அவர் முடியைப் பற்றி ஒரு மனுஷன் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அதைச் சொன்னவன் கையில் கத்தி!

"நிறுத்து!" என்று கத்தினார். "சாமி குடுக்கலே! மாதப்பன் என்னை மன்னிக்கட்டும், இது சாமி குடுத்த முடி இல்லே! மருந்து! டாக்டர் குடுத்த மருந்து! காலையிலயும் சாயங்காலமும் தடவி, மண்டை பூரா ஊசி குத்திக்கிட்டு வளர்த்த முடி! ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில பாட்டில் இருக்கு, போய்ப் பாருங்க!"

பாதி மொட்டையோடு இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

பூங்குழலி அமைதியாகச் சொன்னாள்: "அப்படீங்களா? அப்ப வேண்டுதலே இல்லீங்களா?"

"இல்லவே இல்லே!"

"அப்ப முடி எடுக்க வேண்டியதில்லீங்க. மல்லப்பண்ணா, விட்டுருங்க."

மல்லப்பன் கத்தியைத் துடைத்தார்.

"ஆகல்லம்மா, இனி முடியாது. ஸ்வாமி கத்தினப்பவே கை ஒரு இழுப்பு இழுத்துடுச்சு."

நஞ்சுண்டசாமி தலையைத் தொட்டுப் பார்த்தார். நெற்றியிலிருந்து பின்கழுத்து வரைக்கும் நடுவில் ஒரு நேர்ரோடு. இரண்டு பக்கமும் காடு. இந்தக் கோலத்தோடு மைசூருக்குப் போனால் எந்திரம் சிவப்பைக்கூடக் காட்டாது, புகைந்துவிடும்.

"எடுத்துத் தொலை" என்றார்.

மல்லப்பன் எடுத்தார். மாதேஸ்வரனுக்கு வேண்டாத காணிக்கையும் வந்து சேர்ந்தது. தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, அவமானத்தில் காது சிவக்க நஞ்சுண்டசாமி எழுந்தபோது, சுற்றிலும் ஒரு சின்னக் கூட்டம் கூடியிருந்தது. கேலி பண்ணத்தான் என்று நினைத்து முறைத்தார். இல்லை. கூட்டத்தில் முன்னால் நின்ற சித்தம்மா என்ற பெண்மணி, மகனுக்கு மொட்டை போட வந்தவள், ஆர்வமாகக் கேட்டாள்:

"அண்ணா, அது எந்த டாக்டருங்க? எங்க வீட்டுக்காரருக்கும் நடுவுல காலியாயிடுச்சு."

நஞ்சுண்டசாமி கையை உதறினார். "எனக்கு எதுவும் தெரியாது! போங்கம்மா!"

ஆனால் பூங்குழலி நிதானமாக எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள்:

"குவெம்புநகருங்க. பார்க்குக்கு எதிர்த்தாப்ல, மாடி. பிரதிபா டாக்டரம்மான்னு கேளுங்க. மொதல்ல கொஞ்சம் கொட்டும், பயப்படாதீங்க. சாயங்காலம் போனா கூட்டம்."

"பாத்தாலே தெரியுது அக்கா" என்றாள் சித்தம்மா. "உங்க சடையும் எத்தனை நல்லா வளர்ந்திருக்கு!"

நஞ்சுண்டசாமி திரும்பினார். மனைவியின் முதுகைப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே கனமாகத் தொங்கிக்கொண்டிருந்தது சடை. அது எப்போது அங்கே வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஏ புள்ள," என்றார், "அந்தக் கிளினிக் உனக்கு எப்படித் தெரியும்?"

பூங்குழலி முந்தானையால் அவர் காதோரம் வழிந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டாள்.

"நான் உங்களுக்கு முன்னாலிருந்தே போயிட்டிருக்கேனுங்க. நீங்க ஊசிக்கு 'அம்மா, அம்மா'ன்னு கத்தறது தடுப்புக்கு இந்தப் பக்கம் லேடீஸ் பெஞ்சு வரைக்கும் கேக்குமுங்க."