கதவுக்குள் குளம் கட்டிய கார்

நாகலூர், ஏற்காடு
12-11-1986

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை பாலசுப்பிரமணியம் அவர்களுக்கு, மாமனார் பொன்னுவேல் பணிவன்புடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அத்தை குப்பாயியும் எருமையும் சுகம். அங்கு உங்கள் சுகத்துக்கும் மகள் ராசாத்தி சுகத்துக்கும் சேர்வராயன் சாமி துணை நிற்கட்டும். உங்கள் அப்பா விட்டுப்போன கார் மட்டும் சுகமில்லை.

மெட்ராஸ் கடற்காற்று பட்டால் தகரம் அரித்துவிடும், மலைக்காற்று சுத்தமானது என்று சொல்லி, சித்திரையில் அதை எங்கள் காப்பிக் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். சித்திரையில் வருகிறவர்களுக்கு ஏற்காடு அப்படித்தான் தெரியும். ஆடி பிறந்தால் மூட்டம் இறங்கி ஊட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுப்புக்கு மேலே கட்டிய வேட்டியே காயாதபோது கார் எப்படிக் காயும்? தார்ப்பாயை இறுக்கி மூடும்படி எழுதினீர்கள். மூடினேன். புரட்டாசியில் பிரித்துப் பார்த்தால் மட்கார்டு முழுக்க அம்மை போட்டாப்பல பெயிண்ட் கொப்புளிச்சு நிக்குது. ஒரு கொப்புளத்தை விரலால அமுக்கிப் பார்த்தேன். விரல் அந்தப் பக்கம் போயிடுச்சுங்க. வெளியே எடுக்க உங்க அத்தை வெளக்கெண்ணெய் கொண்டாந்தா.

உடனே உங்களுக்கு எழுதினேன். தார்ப்பாய்க்குள்ள ஈரம் அடைஞ்சிருக்கும், வெறும் தகரம் தெரியற வரைக்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க, ரெட் ஆக்சைடு அடிங்க, ஓட்டையெல்லாம் பட்டி வச்சு அடைங்கன்னு பதில் போட்டீங்க. நீங்க ஒரே வரியில எழுதிட்டீங்க மாப்பிள்ளை. நான் காலையில குந்தினா வெளக்கு வைக்கற வரைக்கும் தேய்ப்பேன். தகரம் கண்ணாடியாட்டம் மின்னும். மறுநாள் ரெட் ஆக்சைடு டப்பாவைத் தூக்கிட்டுப் போனா, ராத்திரி எறங்குன மூட்டத்துல தகரம் பூராவும் மஞ்சள் பூசிக் குளிச்சாப்பல நிக்கும். மறுபடியும் தேய்ப்பேன், மறுபடியும் அது மஞ்சள் பூசிக்கும். எஸ்டேட் ரைட்டரா இருந்த காலத்துல கூட நான் இப்படி வேலை செஞ்சதில்லீங்க. சோறு பிசையறப்பவும் என் கை உப்புத்தாள் தேய்க்கற மாதிரியே போகுதாம், உங்க அத்தை சொல்றா. கடைசியா ஒருநாள் வெயில் அடிச்சுது. தேய்ச்ச கையோட பெயிண்டும் அடிச்சு முடிச்சேன். அப்புறம்தான் கதவுகளைப் பார்த்தேன். அடி விளிம்புல வரிசையா சின்னச் சின்ன ஓட்டை. துரு எவ்வளவு ஒழுங்கா அளந்து அரிச்சிருக்குதுன்னு நெனச்சுக்கிட்டே ஒண்ணு விடாம பட்டி வச்சு அடைச்சேன். நீங்க எழுதினபடிதானே செஞ்சேன்?

போன ஞாயித்துக்கெழமை உங்க அம்மா வந்தாங்க. காப்பி கூடக் குடிக்கலை. “அவரு வண்டியப் பார்க்கணுமுங்க”ன்னு சொல்லிட்டு நேரா கொட்டகைக்குப் போனாங்க. கொட்டகைக் கூரைதான் உங்களுக்குத் தெரியுமே, ஐப்பசி மழையில பாதி உள்ளேதான் பெய்யும். கதவு நொம்ப கனக்குதேன்னு சம்பந்தியம்மா வேகமா இழுத்தாங்க. உள்ளே சளக்குன்னு ஒரு சத்தம். பட்டியெல்லாம் பிடுங்கிக்கிட்டு அத்தனை தண்ணியும் அவங்க பட்டுச்சேலை மேல கொட்டிருச்சு.

“ஏனுங்க சம்பந்தி, தண்ணி வடியற ஓட்டைய எதுக்குங்க அடைச்சீங்க? கதவுக் கண்ணாடி இடுக்கு வழியா உள்ளே எறங்கற மழை அதுலதானுங்க வெளியே போகோணும். அதுல குப்பை சேராம அவரு ஈர்க்குச்சி விட்டுக் குத்திட்டே இருப்பாரு” அப்படின்னாங்க.

அவங்க நனைஞ்ச சேலையோட முன் சீட்டுல ஏறி உட்கார்ந்தாங்க. உங்க அப்பா தவறினதுக்கப்புறம் அந்தச் சீட்டுல அவங்க உட்காரவே இல்லைன்னு ராசாத்தி எழுதியிருந்தா. அதனால நானும் உங்க அத்தையும் நாலடி தள்ளி நின்னோம். மடார்னு சத்தம். அடித்தகரம் அப்படியே விட்டுப்போயி, சம்பந்தியம்மா சீட்டுல உட்கார்ந்தபடியே கொட்டகை மண்ணுல காலூன்றி இருக்காங்க. உங்க அத்தை தலையில கை வச்சு அழ ஆரம்பிச்சுட்டா. சம்பந்தியம்மா குனிஞ்சு தன் காலைப் பார்த்தாங்க.

“அவரு ஓட்டுனப்ப பாதித் தூரம் நான் எறங்கித் தள்ளிட்டுத்தானுங்க போனேன். இனி உட்கார்ந்தபடியே நடக்கலாம் போல” அப்படின்னாங்க. அப்புறம் சிரிச்சாங்க பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க. அழுதுட்டிருந்த உங்க அத்தையும் கூடச் சேர்ந்து சிரிச்சா. அந்தத் துக்கத்துக்கப்புறம் உங்க அம்மா சிரிச்சு இப்பத்தான் நாங்க பார்க்கறோம்.

அது கெடக்கட்டுமுங்க. என் முதுகும் தோளும் விட்டுப்போச்சு. இனி என்னால உப்புத்தாளைக் கண்ணால பார்க்க முடியாது. இந்தக் கடுதாசி கண்டதும் லாரி ஒண்ணு பிடிச்சுக்கிட்டு வந்து வண்டியை எடுத்துட்டுப் போயிடுங்க. உங்க அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. அவங்க கொட்டகையை விட்டு நகரமாட்டேங்கறாங்க.

மற்றபடி எல்லோரும் நலம். ராசாத்தி கண்ணுக்கு எங்கள் இருவர் ஆசீர்வாதம். சீரும் சிறப்புமாக, துருப்பிடிக்காமல் வாழவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்,
பொன்னுவேல்

பி.கு.: ஒட்டறதுக்கு முன்னாடி சம்பந்தியம்மா இதை வாங்கிப் படிச்சுட்டாங்க. லாரி வேண்டாமாம், நீங்களும் வர வேண்டாமாம். வண்டி அவங்களோடதாம். உங்களுக்குத் தர்றதா அவங்க யாருகிட்டயும் சொன்னதே இல்லையாம். அடித்தகரத்தைப் புதுசா வெட்டிப் போட அடிவாரத்துல இருந்து டிங்கர் ஜேசுதாஸை வரச்சொல்லியாச்சு. தை பொறந்ததும் அவங்க ஓட்டக் கத்துக்கப் போறாங்களாம், பக்கத்துல நான் உட்காரணுமாம். உங்க பழைய பேண்ட் ஒண்ணை உடனே பார்சல்ல அனுப்பி வைங்க. சேலையோட வண்டிக்கு அடியில படுக்க முடியலைங்கறாங்க.